கணக்குப் பார்க்கும் இரக்கம்: 1937-இல் சேலம் கற்றுத்தந்த பாடம்



கோபுரம் கட்ட விரும்பிய மனிதனைப் பற்றி ஆண்டவர் சொன்ன உவமையை நாம் அறிவோம். அஸ்திபாரம் போடுமுன் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்காதவன் பாதியில் நின்றுபோய் ஊராரின் நகைப்புக்கு ஆளாகிறான். சீஷத்துவத்தின் விலையைக் குறித்தே இந்த உவமையை நாம் பெரும்பாலும் பிரசங்கிக்கிறோம். அது சரியே. ஆயினும் அதற்குள் இன்னொரு எச்சரிப்பும் அடங்கியிருக்கிறது. நல்ல நோக்கத்தோடு தொடங்கிய வேலை என்பதால் மட்டும் ஒருவனுக்குக் கணக்கிலிருந்து விலக்குக் கிடைப்பதில்லை.

இந்த வாரம் நம் சேலம், நாமக்கல் சமவெளியில் நடந்த ஒரு வரலாற்றை உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். ஓர் அரசு, ஏழைகளின்மேல் இரங்கி ஒரு சட்டம் இயற்றியது. அதோடு நில்லாமல், அந்த இரக்கம் உண்மையிலேயே ஏழையின் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததா என்று பார்த்துவரக் கற்றறிந்த ஒருவரையும் ஏற்படுத்தியது. பிற்காலத்தில் சட்டம் வளர்ந்தது, தண்டனை வளர்ந்தது. பார்த்துவரும் வழக்கம் மட்டும் மெலிந்துபோனது. அதனால் நாம் இழந்தது என்ன என்பதே இக்கட்டுரையின் பொருள்.

சேலத்து வழக்கறிஞர்

சக்கரவர்த்தி இராஜகோபாலாச்சாரியார் 1878-இல் ஓசூருக்கு அருகிலுள்ள தொரப்பள்ளியில் பிறந்தார். அக்காலத்தில் ஓசூரும் தருமபுரியும் கிருஷ்ணகிரியும் நாமக்கல்லும் திருச்செங்கோடும் யாவும் சேலம் ஜில்லாவுக்குள் அடங்கியவை. 1900-ஆம் ஆண்டு அவர் சேலத்தில் வழக்கறிஞராகத் தொழில் தொடங்கினார். குற்றவியல் வழக்குகளில் விரைவிலேயே பெயர் பெற்றார். 1917 முதல் 1919 வரை சேலம் நகராட்சியின் தலைவராகவும் இருந்தார். இராசிபுரத்தில் பிறந்த டாக்டர் பெ. வரதராஜுலு நாயுடுவின்மேல் இராஜதுரோக வழக்குத் தொடரப்பட்டபோது அவருக்காக வாதாடியவரும் இவரே.

குற்றவியல் நீதிமன்றத்தில் பல ஆண்டுகள் நின்ற ஒருவருக்குக் குற்றம் என்பது புத்தகத்துச் சொல்லாக மட்டும் இராது. கூண்டில் நிற்பவன் யார், அவனுக்குப் பின்னால் திண்ணையில் அமர்ந்து அழுபவள் யார், சந்தை நாள் மாலையில் எந்தக் கடையில் சண்டை தொடங்கியது என்பதெல்லாம் அவர் நாள்தோறும் காண்பவை. பின்பு அவரே கைதியானார். 1921 டிசம்பர் முதல் 1922 மார்ச் வரை வேலூர்ச் சிறையில் இருந்த நாட்களில் அவர் நாட்குறிப்பு எழுதினார். ஒரு காலத்தில் சிறைக்குப் போகாமல் மனிதரைக் காப்பாற்றுவதைத் தொழிலாகக் கொண்டிருந்தவர், இப்போது சிறையை உள்ளிருந்து பார்த்தார்.

1925-இல் திருச்செங்கோட்டுக்கு அருகே புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமத்தை நிறுவிக் குடும்பத்தோடு அங்கே குடியேறினார். வானம் பார்த்த பூமி அது. மழை பொய்த்தால் வேலையில்லை, வேலையில்லையெனில் கடன். அந்தக் கடனுக்குள்ளும் கள்ளுக்கடைக்கு ஒரு பங்கு போய்க்கொண்டிருந்தது. 1929-இல் அந்த ஆசிரமத்திலிருந்து ‘விமோசனம்’ என்னும் மாத இதழ் வெளிவந்தது. மதுவிலக்கு ஒன்றே அதன் பொருள். இராஜாஜி ஆசிரியர், பின்னாளில் ‘கல்கி’ என்று தமிழுலகம் கொண்டாடிய ரா. கிருஷ்ணமூர்த்தி துணை ஆசிரியர். பத்து இதழ்களே வந்தன. ஆனால் எட்டே ஆண்டுகளில் அந்தச் சிற்றிதழின் கோரிக்கை ஒரு மாகாணத்தின் சட்டமாயிற்று.

1937, அக்டோபர் 1

1937 ஜூலையில் இராஜாஜி சென்னை மாகாணத்தின் பிரதம மந்திரியானார். சட்டம் மற்றும் கல்வி மந்திரியாக இருந்தவரும் இந்த மண்ணைச் சேர்ந்தவரே: திருச்செங்கோட்டுக்கு அருகிலுள்ள குமாரமங்கலத்து ஜமீன்தார் டாக்டர் ப. சுப்பராயன். பதவியேற்று மூன்று மாதங்களுக்குள் சென்னை மதுவிலக்குச் சட்டம் நிறைவேறியது. 1937 அக்டோபர் 1-ஆம் தேதி அது முதன்முதலாகச் சேலம் ஜில்லாவில் நடைமுறைக்கு வந்தது. கள்ளுக்கடைகளும் சாராயக்கடைகளும் மூடப்பட்டன. ஏறத்தாழ 24 லட்சம் மக்கள் வாழ்ந்த ஜில்லா அது.

இதன் துணிவை உணர இரண்டு காரியங்களை நினைவில் கொள்ள வேண்டும்.

முதலாவது, பணம். அந்நாளில் மாகாண வருவாயில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு கலால் வருமானம். கடைகளை ஏலத்தில் விட்டு, குத்தகைதாரரிடமிருந்து கிஸ்தி வாங்கி, அந்தப் பணத்தில் பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் நடத்துவது பல பத்தாண்டுகளாக நடந்துவந்த முறை. அதை விட்டுவிட்டால் ஈடுசெய்ய வேறு வழி வேண்டும். அப்படித் தேடியபோது பிறந்ததே 1939-ஆம் ஆண்டின் பொது விற்பனை வரிச் சட்டம். இன்று நாம் கடையில் எந்தப் பொருளை வாங்கினாலும் செலுத்தும் வரிக்கு ஒரு முன்னோடி, குடிகாரனின் காசை வாங்கமாட்டேன் என்று அரசு சொன்ன அந்த நாளில் இருக்கிறது.

இரண்டாவது, உலக அனுபவம். அமெரிக்க நாடு 1920-இல் மதுவிலக்கைக் கொண்டுவந்து, 1933 டிசம்பரில் அதைக் கைவிட்டிருந்தது. அங்கே என்ன தவறு நிகழ்ந்தது என்று ஆராய 1929-இல் ஜனாதிபதி ஹூவர் ஒரு ஆணையத்தை நியமித்தார். முன்னாள் அட்டர்னி ஜெனரல் ஜார்ஜ் விக்கர்ஷாம் அதன் தலைவர். 1931-இல் வெளியான அதன் அறிக்கைகள் மதுவோடு நிற்கவில்லை. காவல்துறை, வழக்குத் தொடுப்பு, சிறை, விசாரணையில் கைதிகளை அடித்து வாக்குமூலம் வாங்கும் வழக்கம் ஆகிய அனைத்தையும் அவை ஆராய்ந்தன. நோக்கம் உயர்ந்ததாயினும் அமலாக்கம் சீரழிந்தால் ஒரு சட்டம் நீதித்துறை முழுவதையும் எப்படிக் கறைப்படுத்தும் என்பதை அந்த ஆணையம் உலகத்துக்குக் காட்டியது.

அமெரிக்கா கைவிட்டு நான்கு ஆண்டுகள்கூட நிறைவடையாத நிலையில் சேலம் தொடங்கியது. எனவே “இங்கே மட்டும் எப்படி நிற்கும்?” என்று கேட்டவர்கள் இருந்தார்கள். அது நியாயமான கேள்வி. சேலத்தில் வேலையைத் தாங்கியவர்களில் முக்கியமானவர் அப்போதைய கலெக்டர் ஏ.எஃப்.டபிள்யூ. டிக்சன் என்னும் ஆங்கிலேயர். காங்கிரஸ் மந்திரிசபையின் சட்டத்தை ஓர் ஆங்கிலேய அதிகாரி ஊக்கத்தோடு நடத்தினார் என்பது அன்று பலருக்கும் வியப்பளித்தது. கடையை மூடினால் மட்டும் போதாது, மாலை நேரத்தை நிரப்பவும் ஏதாவது வேண்டும் என்று உணர்ந்து கிராமங்களில் பஜனைகளும் நாடகங்களும் விளையாட்டுகளும் ஏற்பாடு செய்யப்பட்டன. வெறுமையாகப் பெருக்கி வைக்கப்பட்ட வீட்டுக்கு என்ன நேரும் என்று ஆண்டவர் சொன்னது நமக்குத் தெரியும் அல்லவா?

வீட்டுக் கணக்கைக் கேட்ட பேராசிரியர்

இனி இவ்வரலாற்றில் அதிகம் பேசப்படாத மனிதரிடம் வருகிறேன்.

பாரக்குன்னேல் ஜோசப் தாமஸ் 1895-இல் பிறந்தவர். கேரளத்தின் சிரியன் கத்தோலிக்கர். ஆக்ஸ்ஃபோர்டில் ஆராய்ச்சிப் பட்டம் பெற்றுத் திரும்பி, சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரப் பேராசிரியரானார். அந்தத் துறையில் முதற்பேராசிரியராக இருந்த கில்பர்ட் ஸ்லேட்டர், 1916 வாக்கில் தம் மாணவர்களைத் தமிழகக் கிராமங்களுக்கு அனுப்பி ஆய்வு செய்யச் சொல்லி, 1918-இல் அதை நூலாக வெளியிட்டிருந்தார். தாமஸ் இருபது ஆண்டுகளுக்குப் பின் அதே கிராமங்களுக்கு மீண்டும் ஆய்வாளரை அனுப்பி, கே.சி. இராமகிருஷ்ணனோடு சேர்ந்து 1940-இல் மறு ஆய்வு நூலை வெளியிட்டார். ஒரு முறை பார்த்தால் போதாது, திரும்பவும் போய்ப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய தொழில் ஒழுக்கமாக இருந்தது.

இந்தப் பேராசிரியரே சேலத்தின் மதுவிலக்கையும் ஆராய்ந்தார். 1937 அக்டோபர் முதல் 1938 செப்டம்பர் வரையிலான முதல் ஓராண்டின் பொருளாதார விளைவுகளைப் பற்றிய அவருடைய அறிக்கையைச் சென்னைப் பல்கலைக்கழகம் 1940-இல் வெளியிட்டது. சமூகத் திட்டங்களை மதிப்பிடும் கலை நம் நாட்டில் அரசின் ஒரு துறையாக உருவெடுத்தது 1952-இல், திட்டக் குழுவின் கீழ்த் திட்ட மதிப்பீட்டு அமைப்பு தொடங்கப்பட்டபோதுதான். அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பே நம் சேலம் ஜில்லா அந்தக் கலைக்கு ஒரு களமாயிருந்தது.

அந்த வேலை எவ்வளவு கடினமானது என்பதைச் சற்று எண்ணிப் பாருங்கள். ஒரு நெசவாளியின் வீட்டுக்குப் போய், “முன்பு வாரத்துக்கு எவ்வளவு குடித்தீர்?” என்று கேட்டால், அவன் வெட்கத்தால் குறைத்துச் சொல்லக்கூடும்; அல்லது கேட்பவர் மகிழ்வார் என்று எண்ணிக் கூட்டிச் சொல்லவும் கூடும். இப்போது குடிக்கிறீரா என்று கேட்டாலோ, அது குற்றம், ஒப்புக்கொள்வானா? ஆகையால் குடியைக் கேட்பதைவிட உலைப்பானையைக் கேட்பது நல்லது. அரிசி எவ்வளவு வாங்கினாய்? பிள்ளைக்குத் துணி எடுத்தாயா? அடகு வைத்த பாத்திரம் திரும்பியதா? கடன் எவ்வளவு நிற்கிறது? இந்தக் கேள்விகளுக்கு வீட்டுப் பெண்ணின் பதிலே உறுதியான சாட்சி.

அதோடு முடியவில்லை. அந்த ஆண்டு கடன் குறைந்திருந்தால் அது மதுவிலக்கினாலா, நல்ல விளைச்சலினாலா? கூலி கூடியதாலா, அரிசி விலை இறங்கியதாலா? இதைப் பிரித்தறிய, கடைகள் திறந்திருக்கும் இன்னோர் ஊரை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். பள்ளிபாளையத்திலிருந்து காவிரியைக் கடந்தால் ஈரோடு. அது மதுவிலக்கு இல்லாத கோயம்புத்தூர் ஜில்லா. மழையும் தறியும் பேச்சும் ஏறத்தாழ ஒன்றே. சட்டம் மட்டும் வேறு. மேலும் 1938-இல் சித்தூர், கடப்பை ஜில்லாக்களுக்கும், 1939-இல் வட ஆற்காட்டுக்கும் என்று மதுவிலக்கு படிப்படியாகவே விரிந்தது. முந்தியதையும் பிந்தியதையும் ஒப்பிட்டுக் கற்றுக்கொள்ள இது நல்ல வாய்ப்பு.

தாமஸின் முடிவுகள் காட்டிய திசை தெளிவானது. கடைக்குப் போய்க்கொண்டிருந்த காசில் பெரும்பகுதி வீட்டுக்குத் திரும்பியது. உணவு மேம்பட்டது, துணி கூடியது, கடன் அடைப்புக்கும் ஏதோ கொஞ்சம் ஒதுங்கியது. தேநீருக்கும் காபிக்கும் செலவு உயர்ந்தது. வீட்டுச் சண்டை தணிந்தது. முன்பு இரவில் கணவனின் காலடிச் சத்தத்துக்கு அஞ்சிய மனைவிக்கு, பொருளாதார அறிக்கையின் எந்த அட்டவணையும் முழுமையாகச் சொல்லமுடியாத ஒரு விடுதலை கிடைத்தது.

கணக்கின் மறுபக்கம்

நேர்மையான கணக்கு நன்மையை மட்டும் எழுதாது.

கடைகள் மூடிய அன்று வேலையிழந்தவர்கள் இருந்தார்கள். விடியுமுன் மரமேறிப் பாளை சீவிக் கலயம் கட்டிப் பிழைத்த மரமேறிகள் குடிகாரரும் அல்லர், குத்தகைதாரரைப் போலப் பணக்காரரும் அல்லர். தகப்பனிடமிருந்து கற்ற தொழில் ஒரே நாளில் சட்டவிரோதமாயிற்று. அவர்களுக்குச் சொல்லப்பட்ட மாற்று வழி, கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவிப் பதநீர் இறக்கி வெல்லம் காய்ச்சுவது. ஆனால் வெல்லம் காய்ச்ச விறகு வேண்டும். விற்கச் சந்தை வேண்டும். கள்ளுக்குக் கிடைத்த விலை அதற்குக் கிடைப்பதும் அரிது. சுண்ணாம்பு தடவிய கலயமா, தடவாத கலயமா என்று சோதிக்கும் அதிகாரம் காவலரிடம் போனபோது, ஏழையின் மரத்தடி ஒரு விசாரணை மன்றமாயிற்று.

இன்னொன்றும் உண்டு. கணவனின் கூலி வீட்டுக்கு வந்தது உண்மை. ஆனால் சட்டத்தை மீறினால் சிறை. தண்டனைக் காலத்தில் அந்தக் கூலி முழுவதும் நின்றுபோகும். மதுவிலக்கால் ஒரு குடும்பத்துக்குக் கிடைத்த இலாபத்தை எழுதும் ஏட்டின் அடுத்த பக்கத்தில், சிறைக்குப் போனவனின் குடும்பத்துக்கு நேர்ந்த நட்டத்தையும் எழுதினால்தான் கணக்கு நேராகும். பிற்காலத்தில் வசதியுள்ளவர்கள் மருத்துவக் காரணம் காட்டி அனுமதிச் சீட்டுப் பெற்று வீட்டிலேயே குடிக்க முடிந்தது. கூலிக்காரனுக்கு அப்படியொரு சீட்டு ஏது? ஒரே செயல் ஒருவனுக்கு மருந்தும் மற்றொருவனுக்குக் குற்றமும் ஆனது.

இதை எழுதுவதால் மதுவிலக்கை நான் குறைத்து மதிப்பிடுகிறேன் என்று எண்ண வேண்டாம். மது நம் சபைக் குடும்பங்களில் செய்த அழிவை அறியாத போதகர் இல்லை. நான் சொல்ல வருவது இவ்வளவே: அந்த ஓராண்டில் கணக்குப் பார்க்க ஒருவர் இருந்தார். ஆகவே நன்மையும் நட்டமும் இரண்டும் ஏட்டில் ஏற வழி இருந்தது. நட்டம் தெரிந்தால்தான் அதைச் சீர்செய்யவும் முடியும்.

ஏடு மூடியது, தண்டனை வளர்ந்தது

1939 அக்டோபரில், இந்தியரைக் கேளாமல் இந்தியாவை யுத்தத்தில் சேர்த்ததைக் கண்டித்து மந்திரிசபை பதவி விலகியது. ஆளுநர் ஆட்சி யுத்தத்தின் நடுவே, 1943–44-இல், மதுவிலக்கை நிறுத்தி வைத்தது. ஆறு ஆண்டுகள் மூடியிருந்த கடைகள் மீண்டும் திறந்தன. பேராசிரியர் தாமஸும் இதற்குள் டெல்லிக்குப் போய் அரசின் பொருளாதார ஆலோசகராகப் பணியாற்றத் தொடங்கியிருந்தார்.

1946-இலிருந்து மதுவிலக்கு மீண்டும் படிப்படியாக வந்து, 1948 அக்டோபர் 2 முதல் மாகாணம் முழுவதிலும் நிலைபெற்றது. அரசியல் சட்டத்தின் 47-ஆம் பிரிவும் மதுவிலக்கை அரசின் கடமைகளில் ஒன்றாக்கியது. ஆனால் 1937-ஐப் போல, இந்த முறை என்ன விளைந்தது என்று வீடு வீடாகப் போய்க் கேட்கும் பழக்கம் தொடரவில்லை. காவல் நிலையத்தின் எண்ணிக்கையே திட்டத்தின் எண்ணிக்கையாயிற்று: எத்தனை வழக்கு, எத்தனை ஊறல் அழிப்பு, எத்தனை பேருக்குத் தண்டனை. இந்த எண்கள் கூடினால் அது வெற்றியா, தோல்வியா? சட்டம் கடுமையாக நடக்கிறது என்றும் சொல்லலாம். குற்றம் பெருகுகிறது என்றும் சொல்லலாம். உலைப்பானையைக் கேட்காமல் இதற்கு விடை கிடையாது.

1963-இல் திட்டக் குழு நீதிபதி தேக் சந்த் தலைமையில் மதுவிலக்கு ஆய்வுக் குழுவை நியமித்தது. அடுத்த ஆண்டு அறிக்கை வந்தது. எனினும் மாநிலங்கள் தம் கருவூலத்தின் நிலையையே பார்த்தன. 1971-இல் தமிழ்நாட்டில் மதுவிலக்கை ஒத்திவைக்க அரசு முடிவெடுத்தபோது, 92 வயதான இராஜாஜி முதலமைச்சர் மு. கருணாநிதியை நேரில் சென்று சந்தித்து வேண்டாமென்று கேட்டுக்கொண்டார். ஆகஸ்ட் 30-ஆம் தேதி முதல் கடைகள் திறந்தன. 1972 கிறிஸ்துமஸ் நாளன்று இராஜாஜி காலமானார். அதன்பின் மூடுவதும் திறப்பதுமாகப் பல ஆண்டுகள் கழிந்தன. 1983-இல் டாஸ்மாக் நிறுவனம் உருவானது. 2003 நவம்பர் முதல் சில்லறைக் கடைகளையும் அதுவே நடத்துகிறது. 2023–24-இல் அதன்வழி அரசுக்கு வந்த வருவாய் 45,000 கோடி ரூபாய்க்கும் மேல். அந்தக் கணக்கு மட்டும் ஆண்டுதோறும் தவறாமல் எழுதப்படுகிறது. வீட்டின் கணக்கை எழுத ஒரு தாமஸ் இல்லை.

கல்வராயன் மலைக்கு அப்பால்

2024 ஜூன் மாதத்தை நாம் மறந்திருக்க மாட்டோம். நம் சேலம் மாவட்டத்தின் கிழக்கெல்லையில் நிற்கும் கல்வராயன் மலைக்கு அப்பால், கள்ளக்குறிச்சி நகரத்தின் கருணாபுரத்தில், மெத்தனால் கலந்த பாக்கெட் சாராயத்தைக் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். பெரும்பாலும் கூலிக்காரர்கள். பெண்களும் இருந்தார்கள். தாயையும் தகப்பனையும் ஒரே வாரத்தில் இழந்த பிள்ளைகளும் இருந்தார்கள். பலர் சேலம் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டார்கள். அந்த மருத்துவமனைக்கு மோகன் குமாரமங்கலம் என்று பெயர். 1937-இல் சட்ட மந்திரியாக இருந்த குமாரமங்கலத்துச் சுப்பராயனின் மகன் அவர். தகப்பன் அங்கம் வகித்த மந்திரிசபை, குடியால் சாகும் ஏழைக்காகச் சட்டம் செய்தது. மகன் பெயர் தாங்கிய ஆஸ்பத்திரியில், 87 ஆண்டுகளுக்குப் பின், குடியால் சாகும் ஏழைகள் கிடத்தப்பட்டார்கள்.

அரசு இழப்பீடு வழங்கியது. விசாரணை ஆணையம் அமைத்தது. அந்த மாத இறுதிக்குள் சட்டப்பேரவையில் திருத்தம் நிறைவேறியது: கள்ளச்சாராயத்தால் உயிர் போனால் விற்றவருக்கு ஆயுள் தண்டனை வரை, 10 லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதம். நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் வழக்கை மத்திய புலனாய்வுத் துறைக்கு மாற்றியது. திருத்தப்பட்ட அந்தச் சட்டம் எது தெரியுமா? 1937-இல் சேலத்தில் தொடங்கிய அதே மதுவிலக்குச் சட்டம். டாஸ்மாக் கடைகளின் காலத்திலும் அது அதே ஆண்டின் பெயரோடு உயிருடன் இருக்கிறது.

விஷம் விற்றவன் தண்டிக்கப்பட வேண்டும், அதில் ஐயமில்லை. ஆனால் சட்டத்தின் தண்டனைப் பகுதி மட்டும் வளர்ந்து, ‘போய்ப் பார்த்து வா’ என்னும் பகுதி மறைந்துபோனதை எண்ணிப் பாருங்கள். அரசுக் கடையிலே மது கிடைக்கும் நாளில், கருணாபுரத்துக் கூலிக்காரன் ஏன் பாக்கெட் சாராயத்துக்குப் போனான்? கடை விலைக்கும் அவன் கூலிக்கும் இடையே இருந்த தூரம் எவ்வளவு? முந்தைய ஆண்டுகளில் பிடிபட்டவர்கள் சிறையிலிருந்து திரும்பி என்ன வேலைக்குப் போனார்கள்? இந்தக் கேள்விகளை மரணத்துக்கு முந்தின ஆண்டில் ஒருவர் வீடு வீடாகக் கேட்டிருந்தால், அந்தத் தெருவில் என்ன நடக்கவிருந்தது என்பது ஒருவேளை முன்னரே தெரிந்திருக்கும்.

நமக்கான கணக்கு

பிரியமானவர்களே, அரசாங்கத்தைக் குறை சொல்லி முடித்துவிடுவது எளிது. நம் வீட்டுக்குள்ளும் பார்க்க வேண்டும்.

நம் சபைகளும் தர்மம் செய்கின்றன. தையல் இயந்திரம் கொடுக்கிறோம்; பள்ளிக்கட்டணம் கட்டுகிறோம்; கிறிஸ்துமஸ் காலத்தில் சிறைக்குப் போய்ப் பாடிப் பழம் கொடுத்து வருகிறோம். கொடுத்த அன்று படம் எடுக்கிறோம். ஓராண்டு கழித்து அந்தத் தையல் இயந்திரம் ஓடுகிறதா, அடகுக் கடையில் இருக்கிறதா என்று பார்த்தோமா? பழம் வாங்கிய கைதி விடுதலையாகி வந்தபோது அவனுக்கு வேலை கொடுக்க நம்மில் ஒருவராவது முன்வந்தோமா? சிறையிலிருந்தேன், என்னைப் பார்க்க வந்தீர்கள் என்ற பொருளில் ஆண்டவர் பேசியபோது, ஒரு முறை வந்து போவதை அவர் சொல்லியிருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. பார்ப்பது என்பது நிலைமை என்னவென்று அறிவதும், அறிந்ததற்கு ஏற்றபடி நடப்பதும் ஆகும்.

கணக்குப் பார்ப்பது விசுவாசக் குறைவு என்று எண்ணுவோர் உண்டு. “நாம் செய்வதைச் செய்வோம், பலனைத் தேவன் பார்த்துக்கொள்வார்” என்பார்கள். பலன் தேவனுடையதுதான். ஆனால் காணாமற்போன ஒரு ஆடு எது என்று மேய்ப்பனுக்கு எப்படித் தெரிந்தது? அவன் நூறையும் எண்ணியதால் தெரிந்தது. எண்ணாதவனுக்குத் தொண்ணூற்றொன்பதும் ஒரு மந்தையாகவே தோன்றும். அன்புள்ளவனே எண்ணுகிறான், எண்ணுகிறவனுக்கே குறைவு தெரிகிறது, குறைவு தெரிந்தவனே தேடிப் புறப்படுகிறான்.

பேராசிரியர் தாமஸின் அறிக்கையை இன்று வாசிப்போர் மிகச் சிலர். அவர் பெயரில் நம் ஊர்களில் தெருவும் இல்லை, சிலையும் இல்லை. ஆனால் ஓர் அரசு ஏழைக்கு நன்மை செய்தோம் என்று அறிவித்தபோது, அந்த ஏழையின் வாசலுக்கே போய், “உண்மையா அம்மா?” என்று கேட்ட வேலை அவருடையது. நீதியை நேசிக்கிறவர்கள் எல்லோரும் சட்டம் இயற்ற வேண்டியதில்லை, வழக்காட வேண்டியதும் இல்லை. சிலர் ஏட்டைத் திறந்து உட்கார்ந்து, பொறுமையோடு கேட்டு, கேட்டதைக் கூட்டாமலும் குறைக்காமலும் எழுதினால் போதும். நம் பிள்ளைகளில் சிலர் அந்தப் பணியைத் தங்கள் வாழ்க்கைத் தொழிலாகத் தெரிந்துகொண்டால், அதையும் ஓர் ஊழியமென்றே நாம் அனுப்பிவைக்கலாம்.

இந்த வாரத்தில், சென்ற ஆண்டு நீங்கள் உதவி செய்த ஒருவருடைய வீட்டுக்குப் போய் வாருங்கள். இன்னொரு உதவியைக் கையில் எடுத்துச் செல்ல வேண்டாம். உட்கார்ந்து கேளுங்கள். அங்கே தெரிவது உங்களை மகிழ்விக்கலாம், வெட்கப்படுத்தவும் செய்யலாம். இரண்டையும் ஏற்கும் இருதயத்தைத் தேவன் நமக்குத் தருவாராக. ஆமென்.